முன் இடது

செப்டம்பர் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே கறிக்கடை வரிசையில் நிற்கும். நான் போர்ட்டிகோவில் உட்கார்ந்து கார் டயரில் காற்று அளப்பேன்.

முன் இடது 31. முன் வலது 30. பின் இரண்டும் 30. கால் பம்பு வைத்து நான்கையும் 33-க்கு ஏற்றினேன். ஓடிவந்த சூட்டில் அளந்தால் கணக்குத் தப்பும். இரவெல்லாம் ஆறிக்கிடந்த டயரை விடிந்ததும் அளக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றாலும் நான் காலையில்தான் கேட்பேன்.

இந்தப் பழக்கம் வந்து மூன்று வருடமாகிறது. கல்லூரி விட்டு வரும்போது பைபாஸில் பின்டயர் வெடித்து, கார் ஒரு முழுச்சுற்று சுற்றி நின்றது. பின்னால் வந்த லாரி ஒரு கை தூரத்தில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தார். "பட்டனே இல்லீங்களேம்மா. இதெல்லாம் பாக்கறதில்லீங்களா?" டயரில் மேடு மேடாக இருக்கும் ரப்பர் கட்டைகளுக்குப் பட்டன் என்று பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பத்தொன்பது வருடமாகக் கல்லூரியில் உராய்வு விசைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் கழித்துப்போட்ட வெர்னியர் காலிப்பர் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் வாலைப் பள்ளத்தில் இறக்கினால் பட்டனின் உயரம் கிடைத்துவிடும். முன் இடது 6.4 மில்லிமீட்டர். மற்ற மூன்றும் நான்கை ஒட்டி. முன் இடதை மட்டும் ஜனவரியில் மாற்றினோம். ஜோடியாக மாற்றச் சொன்னார் டயர் கடை ஜமால் பாய். அவர் ஒன்று போதும் என்றுவிட்டார். அவர் என்றால் சிகாமணி, என் வீட்டுக்காரர். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண் 4123.

அந்த டயரில் இன்று புதிதாக ஒன்று கண்டேன். வெளி ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில் ஒரு பட்டன் பிய்ந்திருக்கிறது. பிறை வடிவம், சுண்டுவிரல் நகம் அளவு. அவருடைய கல்குவாரிக்குப் போகும் ரோட்டில் கிடக்கும் ஜல்லியின் வேலை. ஆழமில்லை. கவனித்து வர வேண்டும்.

நட்டுகளை இழுத்துப் பார்க்கவில்லை. வலது தோள் இன்னும் சரியாகவில்லை. குளியலறையில் வழுக்கிவிட்டது.

செப்டம்பர் 4, புதன்

குவாரியில் மதியம் வெடி. இரண்டு கிலோமீட்டர் தாண்டி என் சமையலறையில் ஒரு டம்ளர் உருண்டு விழுந்தது.

செப்டம்பர் 9, திங்கள்

துளசிமணி இன்று அரைநாள் லீவு. எங்கள் இயற்பியல் ஆய்வக உதவியாளர், எங்கள் ஊர்க்காரி. அவள் புருசன் கருப்பணனோடு கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போயிருந்தாள். மூன்றாவது மனு. குவாரி வேலியை ஒட்டி அவர்களுக்கு இரண்டு ஏக்கர். வெடி வைத்து வைத்து வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது, போர்த்தண்ணீர் போய்விட்டது.

மதியம் வந்ததும் என்னிடம் மறைக்கவில்லை.

"மேடமுங்க, உங்க குவாரி மேலதான் மனு. கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்ன கோபம்? குவாரியில எனக்கு ஒரு கல்லுகூடக் கிடையாது."

"அதுதானுங்க நானும் அவருகிட்டச் சொன்னேன். மேடம் நம்மளாட்டத்தான், மாசச் சம்பளம்னு."

குவாரியை அளந்து பார்க்கச் சொல்லிக் கலெக்டர் தாசில்தாருக்கு எழுதிவிட்டாராம். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சாப்பிடும்போது தட்டு கைதவறி விழுந்தது. நெற்றியில் சின்ன வெட்டு. பவுடர் போட்டால் தெரியாது.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று வீடு நன்றாக இருந்தது. இரவு அவரே துளசிமணி குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பாவம், வெள்ளாமை இல்லாமல் என்ன செய்கிறார்கள் என்றார். இரண்டு மாடு வைத்திருக்கிறார்கள், பால்தான் சோறு போடுகிறது என்றேன். சொசைட்டிக்கு யார் ஊற்றப் போவது என்றார். கருப்பணன்தான் போகிறார், டிவிஎஸ் வண்டியில், தினம் ஐந்தரைக்கெல்லாம் வாய்க்கால் ரோட்டில் போய்விடுவார், மழையானாலும் நேரம் தப்பாது, துளசிமணி அவரைக் கடிகாரம் என்று கிண்டல் செய்வாள் என்றேன். அவர் சிரித்தார். இன்னொரு தோசை கேட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 13, வெள்ளி

அவருடைய ஜீப் சர்வீஸுக்குப் போயிருக்கிறது. என் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 14, சனி

எழுந்தபோது கார் இல்லை. எட்டு மணிக்கு வந்தது. கழுவியிருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

முன் இடது 32, முன் வலது 32, பின் 31, 31.

பள்ளங்களில் மாட்டிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பது வழக்கம். இன்று கல்லோடு எலுமிச்சை விதை வந்தது. நான்கு டயரிலும். நசுங்கிய தோல், காய்ந்த சதை. புது வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம். ஆயுத பூஜைக்கு ஏற்றுவோம். ஆயுத பூஜைக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. காருக்கு ஆறு வயது.

நம்பர் பிளேட்டின் இடது மூலை உடைந்திருக்கிறது. பம்பரில் கோடு.

காலைதான், ஆறியிருப்பார் என்று கேட்டேன்.

"நாய் குறுக்க வந்துருச்சு. கண்ணு பட்டிருக்கும்னு பழம் வெச்சு ஏத்துனேன். ஏன், கேக்கோணுமா உன்னைய?"

"இல்லைங்க. விதை இருந்துச்சு, அதான்."

"விதையப் பொறுக்கி நட்டு வையி. மரமாகட்டும்."

முன் இடது 6.3. பிறை அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 16, திங்கள்

துளசிமணி வரவில்லை. சனிக்கிழமை விடிகாலை வாய்க்கால் ரோட்டில் கருப்பணனை ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டதாம். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரியில் உயிர் மட்டும் இருக்கிறது.

இரண்டாம் வருடத்துக்குத் திசைவேகம் நடத்தினேன். கரும்பலகையில் ஒரே சமன்பாட்டை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். முன்பெஞ்சுப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

செப்டம்பர் 17, செவ்வாய்

ஊரில் நாய் எதுவும் செத்ததாகத் தெரியவில்லை.

செப்டம்பர் 19, வியாழன்

கருப்பணன் போய்விட்டார்.

சாவுக்கு நாங்கள் இருவரும் போனோம். அவர் ரோஜாமாலை வாங்கி வந்தார். உடல் அறுத்துக் கட்டி வந்திருந்ததால் முகம் மட்டும் திறந்திருந்தது. போர்வை கழுத்திலிருந்து நெஞ்சுவரை உயர்ந்து, அதற்குப் பிறகு தட்டையாகக் கிடந்தது. ஒரு மனிதன் படுத்திருக்கும் உயரம் அங்கே இல்லை. ஈ மொய்த்தது. துளசிமணி அழவில்லை, விசிறிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து மாலை போட்டார். பாடை தூக்கும்போது முன்னால் போய்த் தோள் கொடுத்தார்.

"எத்தனை பெரிய மனசு பாரு," என்றாள் என் பக்கத்தில் நின்றவள். "மனுப் போட்டவனுக்கே தோள் குடுக்கறாரு."

அவர் சட்டையில் வியர்வை தோளோடு ஒட்டியிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடையாளம் தெரியாத வாகனம் என்று வழக்கை எழுதிவிட்டார்களாம்.

செப்டம்பர் 21, சனி

கல்லூரி பஸ்ஸில் போய்வந்தேன். திரும்பி வந்தபோது காரில் நான்கும் புது டயர்.

"பழசாயிருச்சு. மாத்திட்டேன்," என்றார்.

ஜனவரியில் இரண்டு டயருக்குக் கணக்குப் பார்த்தவர். முன் இடதுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

நான்கும் 33. புது டயர்களில் ரப்பர் மயிர் சிலிர்த்து நிற்கிறது. ஆழம் 8.0. குறிக்க ஒன்றுமில்லை.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது.

புனேயிலிருந்து மகள் பேசினாள்.

"அப்பா எப்படியிருக்காரு?"

"நல்லாருக்காரு."

"நீ?"

"புது டயர் போட்டாச்சு."

"நான் உன்னையக் கேட்டேம்மா."

செப்டம்பர் 29, ஞாயிறு

நான்கும் 33. ஸ்டெப்னி பார்க்கவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

துளசிமணி வேலைக்கு வந்துவிட்டாள். வகுப்புகள் முடிந்து எல்லோரும் போன பிறகு, "இருட்டு ரூமுக்கு ஒரு நிமிசம் வர்றீங்களா மேடமுங்க" என்று கூப்பிட்டாள். நிறமாலைமானி வைத்திருக்கும் அறை. ஜன்னல் கிடையாது, ஒரு சோடியம் விளக்குதான். மேசையைத் துடைத்து, ஒரு ஜவுளிக்கடைப் பையிலிருந்து வேட்டியை எடுத்து விரித்தாள்.

"ஆஸ்பத்திரியில கத்திரிச்சு எடுத்துக் கையில குடுத்தாங்க. தொவைக்கல. தொவைக்க மனசு வரல."

சோடியம் வெளிச்சத்தில் எதற்கும் நிறம் கிடையாது. இரத்தம் கறுப்பாக இருந்தது. விறைத்துப்போய், மடிப்பைப் பிரிக்கும்போது அப்பளம் போல முறிந்தது. அதற்கு நடுவே சேற்றில் டயர் அச்சு. யாரோ அளந்து பதித்தது போல் பட்டன் பட்டனாக.

"இங்க பாருங்க. ஒண்ணு இப்படிப் போகுது. இன்னொண்ணு அதுக்கு மேலயே கொஞ்சம் கோணலா. தெரியாம அடிச்சவன் நிக்காமப் போவான், இல்லீன்னா நின்னு பாப்பான். இவன் பின்னால வந்து மறுக்கா ஏத்தியிருக்கான். அவரு அப்ப கத்தியிருப்பாரில்லீங்க? கேட்டுட்டுத்தான ஏத்தியிருப்பான்?"

நான் வேட்டியின் மேல் குனிந்தேன்.

"ஸ்டேசன்ல காட்டுனேன். ஊருல இருக்கற வண்டியையெல்லாம் வேட்டி மேல உருட்டிப் பாக்கச் சொல்றியான்னு சிரிச்சாங்க. நீங்க சயின்ஸ் படிச்சவங்க. டயரெல்லாம் நோட்டுப் போட்டுப் பாக்கறவங்க. இது எந்த மாதிரி வண்டின்னு சொல்ல முடியுங்களா?"

இரண்டாவது அச்சில், ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில், ஒரு பட்டனில் மட்டும் சேறு ஒட்டவில்லை. வெள்ளையாக ஒரு பிறை. சுண்டுவிரல் நகம் அளவு.

"எல்லா டயரும் இப்படித்தான் இருக்கும் துளசிமணி. இதை வச்சு ஒன்னும் சொல்ல முடியாது."

"அப்படீங்களா." வேட்டியை அதே மடிப்பில் மடித்தாள். "நீங்க சொன்னாச் சரிதானுங்க. இந்த ஓட்டை மட்டும் எல்லாத்துலயும் இருக்காதுன்னு நெனச்சேன்."

விளக்கை அணைத்தேன். அவள் முகம் தெரியாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

விரலைத் தொண்டைக்குள் விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தேன். வரவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அவர் குவாரிக்குக் கிளம்பிய பிறகு டிக்கியைத் திறந்தேன். பாயைத் தூக்கி, ஸ்டெப்னி மூடியைத் தூக்கினேன்.

4123. ஆழம் 6.3. பிறை.

மூடியையும் பாயையும் பழையபடி போட்டேன். பிறகு ஜமால் பாய்க்குப் போன் செய்தேன்.

"ஸ்டெப்னி மாத்தினீங்களா பாய்?"

"ஆமா மேடம். சார் பழசு நாலையும் செங்கச்சூளைக்குப் போட்டுரு, எரிச்சுருவானுங்கன்னாரு. நான்தான் ஸ்டெப்னில கெடந்த மொட்டை டயரச் சூளைக்குத் தள்ளிட்டு, நாலுல நல்லதா ஒண்ண உள்ள வெச்சேன். நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க, பழசுல நல்லத ஸ்டெப்னில போடுங்க பாய், வீணாக்காதீங்கன்னு?"

"அவருக்குத் தெரியுமா?"

"இதுல சார்கிட்டச் சொல்ல என்ன மேடம் இருக்கு? எட்டு மாச டயரு. எரிக்க மனசு வருமா?"

அக்டோபர் 8, செவ்வாய்

காலையில், ஆறிய நேரத்தில் கேட்டேன். கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும், அவர் வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த நாய் எந்த இடத்துல அடிபட்டுச்சுங்க?"

துப்பிவிட்டு வந்தார். என் இடது கையைப் பிடித்தார். அன்பாகப் பிடிப்பது போலத்தான் இருந்தது. காரின் பின்கதவு திறந்திருந்தது. கதவுக்கும் தூணுக்கும் நடுவே விரல்களை வைத்து, மற்றொரு கையால் சாத்தினார். ஒரு முறை சாத்தியும் பூட்டு விழவில்லை. மறுபடி சாத்தினார்.

"நாய்னா நாய்தான்," என்றார். "ஆஸ்பத்திரியில கதவு பட்டுருச்சுன்னு சொல்லு. பொய்யில்ல பாரு."

மோதிரவிரல், நடுவிரல் இரண்டும் முறிந்திருக்கின்றன. பட்டை போட்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்டதற்குக் கதவு பட்டுவிட்டது என்றேன். இப்படி ஒன்றை முதல்முறையாக நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறேன். வியப்பாக இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

பிற்பகல் மூன்று மணி. துளசிமணி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு எழுதும் கை நன்றாக இருக்கிறது. மறந்துபோவதற்குள் எழுத வேண்டும்.

நேற்று சாயங்காலமே வீட்டுச் சாமான்களைப் பூஜைக்கு வைத்தாகிவிட்டது. அரிவாள்மணை, சுத்தியல், ஜாக்கி, வீல் ஸ்பேனர், என் வெர்னியர் காலிப்பர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. காலையில் அவர் குவாரிக்குப் போனார். அங்கே லாரிகளுக்கும் பொக்லைனுக்கும் பூஜை. பதினொன்றுக்கு நான் போய் ஆரத்தி எடுக்க வேண்டும். ஊரும் அங்கேதான் இருக்கும், பொரிக்கும் கறிச்சோற்றுக்கும்.

ஸ்டெப்னியைத் தனியாக உருட்டிக்கொண்டு போனால் பயனில்லை. ஒப்பிட வேண்டுமென்றால் அதே எடையின் கீழ், அதே இடத்தில் சுழன்ற அச்சு வேண்டும். பூஜையிலிருந்து ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்தேன். முன் இடது நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, புது டயரைக் கழற்றினேன். எட்டு விரலால் ஸ்டெப்னியைத் தூக்க முடியவில்லை. உட்கார்ந்து, பாதங்களால் ஏந்தி, முழங்காலால் தள்ளி மாட்டினேன். நட்டுகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஆரத்திக்கு வராத என்னைத் தேடி ஜீப் வந்தது.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு இறங்கினார். முதலில் அவர் பார்த்தது ஸ்பேனரை.

"பூசைல வெச்ச சாமானத் தொடுவியா நீ? அறிவிருக்கா?"

பிறகு டயரைப் பார்த்தார். குனிந்து எண்ணைப் படித்தார். அவருக்கும் எண் படிக்கத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. என் கொண்டையைப் பிடித்து இழுத்து, முகத்தை வண்டியின் அடிப்பாகத்துக்குக் கீழே கொண்டுபோனார். கன்னம் சிமெண்டில் தேய்ந்தது. காருக்கு அடியில் எண்ணெய் நாற்றம்.

"தலைய உள்ள வையி. டயர் மாத்தறப்ப ஜாக்கி நழுவுறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான்."

காலால் ஜாக்கியை உதைத்தார். வண்டி ஆடியது. மறுபடி உதைக்கக் காலைத் தூக்கினார். அவருடைய மற்றொரு கால் என் முகத்துக்கு நேரே நின்றது. ஸ்பேனர் என் வலது கையில் இருந்தது. முட்டியின் பக்கவாட்டில் அடித்தேன். தேங்காய் உடைக்கும்போது முதலில் ஒரு மந்தமான சத்தம் வருமே, அது வந்தது. கொண்டை விட்டுப்போனது. அவர் விழுந்தார். நான் வெளியே உருண்டு எழுந்தேன்.

ஒரு அடி போதுமாக இருந்தது. இரண்டாவதும் அடித்தேன், அதே இடத்தில். அவர் கத்தியது கேட்டுத்தான் அடித்தேன். துளசிமணி அன்றைக்குச் சொன்னது அப்போது நினைவில் இருந்தது. ஸ்பேனரிலிருந்த சந்தனம் அவர் வேட்டியில் ஒட்டியிருந்தது.

பிறகு வேலையை முடித்தேன். மீதி நட்டுகளை ஏற்றி, ஜாக்கியை இறக்கி, ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்கினேன். வரிசையாக இறுக்கினால் சக்கரம் கோணலாக உட்காரும். அவர் தரையில் கிடந்து, என் அம்மாவிலிருந்து ஆரம்பித்து எல்லோரையும் திட்டினார். நடுவில் குரல் மாறியது.

"மரகதம். கண்ணு. அவனாத்தான் வந்து விழுந்தான். சத்தியமா."

"ரெண்டு தடவையுமா?" என்றேன்.

108-க்குப் பேசினேன். ஆண், ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் முறிவு, நினைவு இருக்கிறது. எப்படி ஆயிற்று என்று கேட்ட பெண்ணிடம், நான் அடித்தேன் என்றேன். மறுமுனை, முகவரி சொல்லுங்க மேடம் என்றது.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கினேன். அவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். சக்கரம் போகும் வழியிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்தது. இன்னும் ஒரு முழம் நகர்த்திப் போட்டேன். அவர் அலறினார். அந்த முழத்தைப் பற்றி எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதாமல் விடுகிறேன். நகர்த்தினேன் என்பது மட்டும் உண்மை.

துளசிமணி மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். என் கன்னத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, காரைப் பார்த்தாள். நான் முன் இடதின் முன்னால் உட்கார்ந்து பிறையைத் தொட்டுக் காட்டினேன். அவளும் உட்கார்ந்தாள். விரலை அதில் வைத்தாள். நகம் அதற்குள் சரியாக அடங்கியது.

"இருட்டு ரூம்லயே தெரியுமுங்களா?"

"தெரியும்."

எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். துவைத்து மடித்த வேறொரு வேட்டியோடு வந்தாள். வாசலில் விரித்தாள், டயருக்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கினாள். நான் காரை மெதுவாக முன்னே விட்டேன். இறங்கிப் பார்த்தோம். பழைய வேட்டியை எடுத்து வந்து பக்கத்தில் போட்டாள்.

இரண்டு பிறையும் ஒன்று.

அப்போதுதான் சொன்னேன். "அஞ்சரைக்கு வாய்க்கால் ரோட்டுல போவாருன்னு நான்தான் சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. சாப்பிட்டுக்கிட்டே சொன்னேன்."

அவள் என்னை அறைந்தாள். சிமெண்டில் தேய்ந்த அதே கன்னத்தில். கல்யாணமான இருபத்துமூன்று வருடத்தில் எனக்கு விழுந்த அடிகளில், எதற்கு என்று எனக்குத் தெரிந்த ஒரே அடி அதுதான்.

"கடிகாரம்னு சிரிச்சனே," என்றாள். "உங்ககிட்ட வந்து சிரிச்சனே." முதல்முறையாக அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, அழுதுகொண்டே, என் கன்னத்துக்கு மஞ்சள் குழைத்து வந்தாள்.

"அந்த நோட்டு இருக்குதில்லீங்க. அதக் கொண்டாந்தீங்களா?"

"இருக்கு."

"பூராத்தையும் குடுத்துரோணும். ஒரு பக்கங்கூடக் கிழிக்கக் கூடாது. நீங்க சொன்ன பக்கத்தையுந்தான்."

அக்டோபர் 13, ஞாயிறு

எஸ்.பி. அலுவலகத்தின் வெளிப்பெஞ்சு. வெள்ளிக்கிழமையே காரை எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்திருக்கிறார். என் மேலும் ஒரு வழக்கு இருக்கிறது. அது நியாயம்தான்.

விசாரிக்கும் அதிகாரி ஒரு பெண். நாட்குறிப்பைக் கேட்டார். பத்து நிமிடம் அவகாசம் கேட்டேன். உள்ளே பார்த்துவிட்டு, "எதையும் அடிக்காதீங்க," என்றார். அடிக்க மாட்டேன். சோதனைக் குறிப்பேட்டில் தவறான அளவை அடிக்கக் கூடாது, அது தெரியும்படி விட்டுவிட்டுக் கீழே திருத்தம் எழுத வேண்டும் என்றுதான் மாணவிகளுக்குச் சொல்லித் தருகிறேன். டயரைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. மற்றவை:

செப்டம்பர் 1. குளியலறையில் வழுக்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினார்.

செப்டம்பர் 9. தட்டு கைதவறவில்லை. எறிந்தார்.

செப்டம்பர் 15. நாய் என்று நான் நம்பவில்லை. விதையைப் பார்த்தபோதே நம்பவில்லை.

செப்டம்பர் 22, 29. ஸ்டெப்னியைப் பார்க்க நேரம் இருந்தது.

செப்டம்பர் 30. அச்சை வைத்துச் சொல்ல முடியும்.

செப்டம்பர் 10-இல் திருத்த ஒன்றுமில்லை. எழுதியதெல்லாம் நடந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் சிரித்தார், நான் இன்னொரு தோசை ஊற்றினேன். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படிக்கட்டும்.